வாயால் வரும் தடைக்கு என்ன செய்வது? வன்னி வளாகங்களில் பேச்சுச் சுதந்திரம்

கனகராயன் எழுதியது:

மண்டபம் பதிவு செய்தாயிற்று, பேச்சாளர் கொழும்பிலிருந்து பஸ் ஏறவும் ஆயத்தம். தலைப்பு காணி, தொல்லியல், காணாமல் ஆக்கப்பட்டோர், கனிய மணல் இவற்றில் ஏதோ ஒன்று. முதல் நாள் பின்னேரம் துறைத் தலைவருக்கு ஒரு போன் வருகிறது: "இப்ப வேண்டாம், நிலைமை சரியில்லை." அடுத்த நாள் விடிய மண்டபத்தில் திடீரென்று திருத்த வேலை. கடிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை, யார் சொன்னது என்றும் தெரியாது.

ஒரு வளாகத்தை மட்டும் குறை சொல்ல இதைத் தொடங்கவில்லை. நாட்டில் எங்கும் நடக்கக்கூடிய வடிவம் இது. ஆனால் வன்னியில் பீடங்கள் சின்னவை, ஆளை ஆள் தெரியும், வழக்கென்று போனால் கொழும்புக்கு 250 கிலோமீற்றர். எனவே ஒரு போனே போதுமாகிவிடுகிறது. இப்படி வாயால் வரும் தடைக்கு எந்தச் சட்டம், எந்தப் படி, எந்த ஒழுங்கில்? "போராடுங்கள்" என்ற பதில் வேண்டாம். செய்முறை தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

---

முல்லைச்சட்டம் எழுதியது:

முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இவை குழம்பினால் கடிதமும் குழம்பும், மனுவும் குழம்பும்.

ஒன்று பேச்சுச் சுதந்திரம். அரசியலமைப்பின் 14(1)(அ). மாணவருக்கும் உண்டு, விரிவுரையாளருக்கும் உண்டு, கன்ரீன் நடத்துபவருக்கும் உண்டு. எல்லைகள் 15ஆம் உறுப்புரையில் இருக்கின்றன: இன, மத ஒற்றுமை, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றம் செய்யத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று போகும். ஆனால் அந்த எல்லை சட்டத்தால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். போன் சட்டம் அல்ல. துண்டுப்பிரசுரம் கொடுக்க முன்கூட்டியே பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும் என்ற அவசரகால விதி 28ஐயே ஜோசப் பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் 1987இல் செல்லாது என்றது. அவசரகாலத்திலேயே அப்படியென்றால் சாதாரண காலத்தில் சொல்லத் தேவையில்லை.

இரண்டு கல்விச் சுதந்திரம். இது எல்லோருக்கும் பொதுவான உரிமை அல்ல. கற்பித்தல், ஆய்வு, ஆய்வை வெளியிடுதல் என்ற தொழிலோடு வருவது. ஜேர்மனியின் அடிப்படைச் சட்டம் 5(3), தென்னாபிரிக்க அரசியலமைப்பு 16(1) ஆகியன இதைப் பெயர் சொல்லிப் பாதுகாக்கின்றன. எங்களுடைய அரசியலமைப்பில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆகையால் நாங்கள் 14(1)(அ), சமத்துவத்துக்கான 12(1), தொழில் செய்யும் சுதந்திரத்துக்கான 14(1)(எ) ஆகியவற்றைச் சேர்த்துத்தான் வாதாட வேண்டும். துணைக்கு யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பரிந்துரை இருக்கிறது. கற்பிக்கவும் விவாதிக்கவும், ஆய்வு செய்து வெளியிடவும், தான் வேலை செய்யும் நிறுவனத்தைப் பற்றியே கருத்துச் சொல்லவும் உயர்கல்வி ஆசிரியருக்குச் சுதந்திரம் உண்டு என்று அதன் 27ஆம் பந்தி சொல்கிறது. அது நாடுகளைச் சட்டரீதியாகக் கட்டாது. ஆனால் பல்கலைக்கழகப் பேரவைக்கு (கவுன்சில்) எழுதும் கடிதத்தில் மேற்கோள் காட்டினால் கனம் உண்டு.

மூன்று நிறுவனத்தின் தன்னாட்சி. இதை மற்ற இரண்டோடும் சேர்த்துப் பேசுகிறவர்கள்தான் அதிகம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி பாடம், பரீட்சை, ஆய்வு மூதவையின் (செனற்) கையில். நிர்வாகமும் ஒழுக்காற்றும் பேரவையின் கையில். பேரவையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதனால் "பல்கலைக்கழகத்தின் முடிவு" என்று சொல்லப்படுவது ஆசிரியர்களின் முடிவாக இருக்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்குத் தன்னாட்சி இருக்கும்போதே அதற்குள் இருக்கும் ஒருவருடைய வாய் அடைபடலாம்.

யாழ்ப்பாணச் சட்டத்துறையில் கலாநிதி குமாரவடிவேல் குருபரனுக்கு நடந்ததைப் பாருங்கோ. நாவற்குழியில் 1996இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான ஆட்கொணர்வு மனுவில் சட்டத்தரணியாகத் தோன்றினார். இராணுவத் தரப்பிலிருந்து கேள்வி எழுந்தது. 2019இல் மானியங்கள் ஆணைக்குழு வழியாக, கற்பித்துக்கொண்டு நீதிமன்றத்தில் தோன்றக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. 2020இல் அவர் பதவி விலகினார். "பேசாதே" என்று எவரும் எழுதவில்லை. சேவை நிபந்தனை என்ற உருவத்தில்தான் வந்தது.

---

பாலைப்பழம் எழுதியது:

கனகராயன், செய்முறை கேட்டியள், அதை மட்டும் சொல்லுறன்.

போன் வந்த அதே நாள் மின்னஞ்சல் போகோணும். துறைத் தலைவருக்கு, பிரதி பீடாதிபதிக்கும் பதிவாளருக்கும். நாலு வரிக்கு மேல வேண்டாம். "இன்று பி.ப. 4.10 அளவில் தாங்கள் தொலைபேசியில் தெரிவித்ததன்படி, நாளைய கருத்தரங்கை நடத்த வேண்டாம் என நான் விளங்கிக்கொண்டேன். இத்தீர்மானத்தை எடுத்தவர் யார், எந்த விதியின் கீழ் எடுக்கப்பட்டது, வேறு திகதி தரப்படுமா என்பதை எழுத்தில் அறியத் தரவும். பதில் கிடைக்காதவிடத்து மண்டப ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளதாகக் கருதுகிறேன்." அவ்வளவுதான். கோபம், வரலாறு, இனப்பிரச்சினை ஒண்டும் அதுக்குள்ள வரக்கூடாது. அவர் "ஒத்திவையுங்கோ" எண்டு சொல்லியிருந்தா நீங்கள் "தடை" எண்டு எழுதாதேங்கோ. பிறகு அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு "நான் தடை செய்யேல்லை" எண்டு முழுக் கடிதத்தையும் தள்ளிப்போடுவினம்.

ரெண்டில ஒண்டு நடக்கும். எழுத்தில காரணம் கேட்டவுடன நிறைய இடத்தில தடை தானாக் கரைஞ்சு போகும், ஏனெண்டால் பொறுப்பெடுக்க ஆளில்லை. இல்லாட்டிப் பதில் வராது. பதில் வராததும் பிறகு சான்றுதான்.

எங்க பிழைக்குது எண்டால் இதுக்கு முந்தின கட்டத்தில. மண்டபத்தை வாய்ச்சொல்லில பதிஞ்சிருப்பினம். நிகழ்ச்சி எந்தத் துறையின்ரயும் பேரில இருக்காது, "சில ஆர்வலர்கள்" எண்டு இருக்கும். பேச்சாளரை அழைச்ச விசயம் துறைக் கூட்டக் குறிப்பில இருக்காது. எல்லாம் வாட்ஸ்அப்பில ஓடியிருக்கும், அதுவும் ஏழு நாளில அழியிற மாதிரி வைச்ச குழுவில. அப்ப நிப்பாட்டினா "இது எங்கட நிகழ்ச்சியே இல்லை" எண்டு நிர்வாகம் சொல்லும், சட்டப்படி அது சரியாயும் இருக்கும். துறைக் கூட்டத்தில ஒரு வரி தீர்மானம், பீடச் சபைக்கு அறிவிப்பு, மண்டபப் படிவத்தில அங்கீகாரக் கையெழுத்து. இந்த மூண்டும் இருந்தா நிகழ்ச்சி பல்கலைக்கழகத்தின்ர கல்வி நடவடிக்கை ஆயிடும். பிறகு அதை நிப்பாட்டிறவர்தான் காரணம் சொல்லோணும்.

---

நெடுங்கேணிப்பெடியன் எழுதியது:

பாலைப்பழம் அண்ணை, நீங்கள் சொல்லுறது நிரந்தரமா இருக்கிற ஆளுக்குச் சரி. தற்காலிக உதவி விரிவுரையாளர் அந்த மின்னஞ்சலை எழுதினா அடுத்த வருச ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. காரணம் கேட்டா "வெற்றிடம் இல்லை" எண்டுவினம். தகுதிகாண் காலத்தில இருக்கிறவருக்கு உறுதிப்படுத்தல் கடிதம் இழுபடும். வன்னியில வகுப்புச் சுமையைக் கனக்கத் தாங்குறதே இவைதான். சுதந்திரம் பற்றிப் பேசேக்க பேராசிரியர்மாரை மட்டும் கண்ணுக்கு முன்னால வைச்சுக்கொண்டு பேசக்கூடாது.

---

பாலைப்பழம் எழுதியது:

நூற்றுக்கு நூறு சரி தம்பி. அதனாலதான் ஆரின்ர கையெழுத்து எண்டதை முதலே தீர்மானிக்கோணும். உறுதிப்படுத்தப்பட்ட சேவையில, பதவியுயர்வு விண்ணப்பம் நிலுவையில இல்லாத ஒருவர் எழுதட்டும். அதையும் விட நல்லது துறைக் கூட்டத்தின்ர பேரில எழுதிறது. அதுக்கும் பயமெண்டால் ஆசிரியர் சங்கம். தற்காலிக ஆக்கள்ற பேர் பிரதியிலகூட வரத் தேவையில்லை. அவை செய்ய வேண்டியது ஒண்டுதான்: போன் வந்த நேரம், சொன்ன சொல்லு, பக்கத்தில நிண்டவர் ஆர் எண்டதை அண்டைக்கே ஒரு கொப்பியில எழுதித் திகதி போட்டு வைக்கிறது.

ஒப்பந்தம் புதுப்பிக்காமல் விட்டால் முந்தின வருச மாணவர் மதிப்பீடு, நேரசூசி, அதே பாடத்துக்குப் பிறகு போட்ட விளம்பரம், இந்த மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் "வெற்றிடம் இல்லை" எண்ட கதை நிக்குதா விழுகுதா எண்டு தெரியும்.

---

வயல்வெளி எழுதியது:

இழை காணி, தொல்லியல் என்று மட்டும் போகிறது. வன்னியில் இருக்கும் பீடங்களைப் பாருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம். கலைப்பீடமோ சட்டபீடமோ இங்கே இல்லை. "எங்களுடையது விஞ்ஞானம், எங்களுக்கு ஏன் இந்தக் கதை" என்ற எண்ணம் அதனால் இலேசாக வந்துவிடுகிறது. அது மிகப் பிழையான எண்ணம்.

2021ஐ நினையுங்கள். இரசாயன உர இறக்குமதியை மே மாதம் நிறுத்தினார்கள். நெல்லின் தழைச்சத்துத் தேவையைச் சேதனப் பசளையால் மட்டும் ஒரே போகத்தில் ஈடுசெய்ய முடியாது என்பது விவசாயத்தில் இரண்டாம் வருட மாணவருக்கும் தெரிந்த கணக்கு. யூரியாவில் 46 வீதம் தழைச்சத்து. நல்ல கூட்டெருவில் ஒன்று, ஒன்றரை வீதம் இருந்தாலே பெரிது, அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் போகத்துக்குள் பயிருக்குக் கிடைக்கும். ஒரு மூடை யூரியாவின் இடத்துக்கு எத்தனை லோட் கூட்டெரு வேண்டும், அதை எந்த உழவு இயந்திரம் எந்த வயலுக்கு ஏற்றுவது? இதைத் துறைசார் ஆட்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே சொன்னார். விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து அவரை நீக்கினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் காலபோக நெல் விதைத்தாகிவிட்டது.

ஒரு விஞ்ஞானியின் வாயை அடைத்ததற்கான விலையைக் கொடுத்தது வயல்காரர். கல்விச் சுதந்திரம் விரிவுரையாளருக்குக் கிடைக்கும் சலுகை என்று நினைப்பவர்கள் அந்தப் போகத்து விளைச்சலைப் பற்றி ஒரு கமக்காரர் அமைப்பிடம் கேட்டுப் பார்க்கட்டும். வவுனியாவின் சிறுநீரக நோய், கிணற்று நீரின் புளோரைட்டு, கரையோர இல்மனைற், எல்லாம் இதே வகைதான். அளந்து சொல்லுகிறவரைப் பேசவிடாவிட்டால் பாதிக்கப்படுகிறவர் அளக்கத் தெரியாத ஆள்.

---

மன்னார்க்காற்று எழுதியது:

வயல்வெளி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மன்னாரில் கனிய மணல், காற்றாலை என்று வரும்போது வாயை அடைப்பது போன் அல்ல, ஒப்பந்தம். ஆலோசனை வேலைக்குப் பல்கலைக்கழகத்தோடு கையெழுத்திடும் பத்திரத்தில் "தரவு முழுவதும் நிதி வழங்குநருக்கே சொந்தம், எழுத்துமூல அனுமதியின்றி வெளியிட முடியாது" என்று ஒரு வாசகம் இருக்கும். பறவை மோதி இறந்த எண்ணிக்கையோ நிலத்தடி நீரின் உவர்த்தன்மையோ அதன் பிறகு வெளியே வராது.

கையெழுத்துக்கு முன் மாற்ற வேண்டியது இது: வழங்குநர் வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்ல 60 நாள், காப்புரிமை விசயம் இருந்தால் 90 நாள், அதற்குப் பின் வெளியீடு தடையின்றி. கருத்துச் சொல்லலாம், மறுக்க முடியாது. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான முடிவு வந்தால் அந்தக் காத்திருப்பும் பொருந்தாது என்று ஒரு வரி. மாணவரின் ஆய்வேட்டை இந்த ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரவே கூடாது. பட்டமே தொங்கிப்போகும். பெரும்பாலான நிறுவனங்கள் கேட்டால் மாற்றும், எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை.

---

முல்லைச்சட்டம் எழுதியது:

கால எல்லை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

அடிப்படை உரிமை மனு, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், உறுப்புரை 126(2). தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அதாவது 2016இன் 12ஆம் இலக்கச் சட்டத்தில், தகவல் அலுவலர் முடிவெடுக்க 14 வேலைநாள். அது கிட்டத்தட்ட மூன்று கிழமை. கொடுப்பதாக முடிவெடுத்த பிறகு தகவலைத் தர இன்னும் 14 நாள் வரை போகலாம். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகுதான் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "தகவல் வரட்டும், பிறகு வழக்குப் போடுவோம்" என்று இருந்தால் மாதம் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்க வேண்டும்.

இடைவழி ஒன்று உண்டு. 1996இன் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 13: ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கெடுக்கப்படாது. வவுனியாவில் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்பு போகத் தேவையில்லை. ஆனால் முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது. உண்மையிலேயே விசாரணை நடந்தது என்பதை உயர் நீதிமன்றம் கேட்கிறது. ஆகவே ஆணைக்குழு எதிர்த்தரப்புக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, விசாரணைத் திகதி, கோப்பு இலக்கம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

தகவல் விண்ணப்பத்தில் "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல, விளக்கம் என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: மண்டப ஒதுக்கீட்டுப் பதிவேட்டின் இன்ன திகதிப் பக்கம், அந்தத் திகதியில் திருத்த வேலைக்கு வழங்கிய வேலைக்கட்டளை, அந்தக் கிழமை வெளி நிறுவனங்களிலிருந்து வந்த கடிதங்களின் பதிவு, பிரதான வாயிலின் வருகைப் புத்தகம். திருத்த வேலைக்கு வேலைக்கட்டளை இல்லை என்ற பதிலே உங்களுக்குத் தேவையான பதில். காரணம் சொல்லத் தேவையில்லை. பிரஜையாக இருந்தால் போதும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பிரஜைகளாக உள்ள சங்கமும் விண்ணப்பிக்கலாம். நெடுங்கேணிப்பெடியன் சொன்ன பயத்துக்கு அது ஒரு வழி.

---

இரணைமடு எழுதியது:

சீஐடி, ரிஐடி (பயங்கரவாத விசாரணைப் பிரிவு) வந்தா? 2019 மே மாதம் யாழ்ப்பாணத்தில மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் பிரபாகரன்ர படம் இருந்ததுக்காகப் பிடிச்சதை மறக்க ஏலாது. எங்கட மன்னார் சிலாவத்துறைக் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைத் தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக 2020 மேயில பயங்கரவாதத் தடைச் சட்டத்தில எடுத்து, பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆச்சு. பிறகு நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலை வந்தது சரி, போன காலம்?

---

முல்லைச்சட்டம் எழுதியது:

உண்மை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுப்புக் கட்டளை முன்பு 18 மாதம் வரை போனது, 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம் சாட்டினால் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம்தான். வெறுப்புப் பேச்சிலிருந்து சிறுபான்மையைக் காக்க வேண்டிய பிரிவு எழுத்தாளர்மேல் திரும்பியதை 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவின் கைதிலும் பார்த்தோம்.

அழைப்பு வந்தால்: போனில் வந்த அழைப்புக்கு உடனே ஓட வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த விடயம், எத்தனை மணி என்று எழுத்தில் கேளுங்கள். சட்டத்தரணி கூடவரலாம், அதற்கு 2012இல் வெளியான பொலிஸ் விதிகள் இருக்கின்றன. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். விளக்கியவரின் பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள். கைது என்றால் வீட்டாருக்கு பற்றுச்சீட்டுக் கேட்க உரிமை உண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். வளாகத்துக்குள் வந்து மாணவர் பெயர்ப்பட்டியல் கேட்டால், காவலாளியோ துறை எழுதுவினைஞரோ கொடுக்கக்கூடாது. பதிவாளரிடம் எழுத்தில் கேட்கச் சொல்ல வேண்டும்.

---

நெடுங்கேணிப்பெடியன் எழுதியது:

ஒரு பக்கத்தை மட்டும் பேசிக்கொண்டு போகேலாது. கலாநிதி ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1989 செப்டெம்பர் 21, பல்கலைக்கழகத்தில இருந்து வீட்டை போற வழியில சுட்டவை. எல்லா ஆயுதக்காரரையும் பற்றி எழுதினதுக்காக. அரசு மட்டும்தான் வாயை மூடும் எண்டு சொல்லுறவைக்கு அந்தத் திகதி பதில் சொல்லும்.

இண்டைக்கு ஆயுதம் இல்லை. ஆனா முதலாம் வருசப் பிள்ளை வகுப்பில கேள்வி கேட்டா ஹொஸ்டலில பதில் சொல்ல வேண்டி வருது. பகிடிவதைக்கு 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, சாதாரண பகிடிவதைக்கே ரெண்டு வருசம் வரை சிறை. அதைக் கல்விச் சுதந்திரத்தோட சேர்த்து ஒருத்தரும் பேசுறேல்லை. பட்ச் முழுக்க ஒரே உடுப்பு, ஒரே கருத்து, கூட்டத்துக்கு வராட்டி "ஒதுக்கி வைப்பு". வவுனியாவில தமிழ், சிங்கள, முஸ்லிம், மலையகப் பிள்ளையள் ஒரே பட்சில படிக்கினம். நினைவேந்தல் செய்ய ஒருத்தருக்கு உரிமை இருக்கிற மாதிரி, அதுக்கு வராமல் இருக்கவும் இன்னொருத்தருக்கு உரிமை இருக்கு. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடிச்சபோது நாங்கள் கேட்ட உரிமைதான் இதுவும்.

---

கனகராயன் எழுதியது:

தம்பி சொன்னதை ஏற்கிறேன். கூட்டத்தில் இதை நடைமுறையாக எப்படிக் காப்பது என்று யாராவது சொல்லுங்கோ. இன்னொன்று, களஆய்வு. வவுனியா வடக்கிலும் முல்லைத்தீவிலும் கிராமத்துக்குள் போய்ப் பேட்டி எடுக்கும் மாணவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

---

செவ்வந்தி எழுதியது:

கூட்டத்துக்கு: பேச்சு 40 நிமிடம் என்றால் கேள்விக்கும் 40 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் மூன்று கேள்வி மாற்றுக் கருத்துள்ளவர்களுக்கு என்று தலைமை வகிப்பவர் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். கேள்வியைத் துண்டில் எழுதித் தரவும் இடம் வேண்டும், முதலாம் வருடப் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். பதாகை பிடிக்கலாம், எழுந்து போகலாம், பேச்சாளரின் குரல் கேட்காதபடி கத்தக்கூடாது. கத்தினால் ஒரு எச்சரிக்கை, பிறகு பத்து நிமிட இடைவேளை, பிறகுதான் வெளியேற்றம். காணொளி எடுப்பது பேச்சாளரை மட்டும். சபையை எடுக்கக்கூடாது. படத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

களஆய்வுக்கு நீட்டி எழுத வேண்டும், ஏனென்றால் இங்கே ஆய்வாளரின் சுதந்திரத்தை விடப் பெரியது பேட்டி தந்தவரின் பாதுகாப்பு. நெறிமுறைக் குழுப் படிவங்கள் கையொப்பமிட்ட சம்மதம் கேட்கும். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் கையொப்பம் வாங்கினால் அந்தத் தாளே ஆபத்து. வாய்மொழிச் சம்மதம் போதும் என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேளுங்கள், குழுக்கள் ஏற்கும். பேட்டிக்கு இலக்கம் மட்டும். பெயரும் இலக்கமும் உள்ள தாள் வேறு இடத்தில், அதே மடிக்கணினியில் அல்ல. ஊர்ப் பெயரை எழுதாமல் பிரதேச செயலகப் பிரிவை எழுதுங்கள். ஆனால் சின்னப் பிரிவில் "மூன்று பிள்ளைகளை இழந்த, தையல் கடை வைத்திருக்கும் பெண்" என்றால் பெயர் எழுதியதும் ஒன்றுதான். தொழிலையோ எண்ணிக்கையையோ மாற்றுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கிச் சரிபார்த்ததும் அழித்துவிடுங்கள். போனில் வைத்துக்கொண்டு ஏ9இல் பயணம் வேண்டாம். ஆட்களைக் கூட்டித் தரச் சொல்லிக் கிராம சேவையாளரைக் கேட்காதீர்கள். அவர் நல்லவராக இருந்தாலும் அவர் முன்னால் காணிக் கதை வேறு மாதிரித்தான் வரும்.

குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை போன்ற தொல்லியல் இடங்களுக்குப் போகிறவர்கள்: 1940இன் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்லியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழ முடியாது. ஓட்டுத் துண்டு ஒன்றைக்கூடப் பொறுக்கி எடுக்காதீர்கள். முழு ஆய்வும் அதோடு குற்ற வழக்காகிவிடும். ஏற்கெனவே வெளியான அறிக்கைகள், கல்வெட்டுப் பதிப்புகள், பழைய நில அளவைப் படங்கள், கோயில் பதிவுகள் இவற்றை வைத்து எழுதுவதை எந்த அனுமதியும் தடுக்காது.

---

கனகராயன் எழுதியது:

நன்றி செவ்வந்தி அக்கா. கடைசியாக ஒன்று. பேரவைக்கும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் கடிதம் தமிழில் போனால் கிடப்பில் போடுவார்கள் என்று சொல்கிறார்களே?

---

முல்லைச்சட்டம் எழுதியது:

தமிழில் எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், மற்ற இடத்திலும் தமிழில் தொடர்புகொள்ள உறுப்புரை 22 உரிமை தருகிறது. ஆனால் ஒரு மாதக் கெடு ஓடும்போது மொழிபெயர்ப்புக்காக அவர்கள் கோப்பைக் கிடத்த இடம் கொடுக்காதீர்கள். தமிழ் மூலத்தோடு ஆங்கிலப் பிரதியும் இணைத்து, "முரண்பட்டால் தமிழே செல்லும்" என்று அடியில் ஒரு வரி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பேரவைக்கு அனுப்புவதைப் பதிவாளர் பெயருக்கு அனுப்ப வேண்டும், பேரவையின் செயலாளர் அவர்தான். அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கடிதத்திலேயே கேளுங்கள். சேர்த்தார்களா என்பதை அந்தக் கூட்டக் குறிப்புக்குத் தகவல் விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம்.